அமெரிக்க விடுதலைப் போரில், 1776-ல், பாதி கட்டிய கோட்டை தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் துறைமுகத்தை பிரிட்டிஷாரிடமிருந்து எப்படிக் காப்பாற்றியது?

முக்கியக் காரணம் மரம்தான். துறைமுக வாயிலில் இருக்கும் சல்லிவன் தீவில் அமெரிக்கத் தரப்பின் கர்னல் வில்லியம் மௌல்ட்ரி கட்டிக்கொண்டிருந்த கோட்டைக்குப் பின்பக்கச் சுவர்கூட முழுதாக எழும்பவில்லை. "இது வெட்டுக்களம், விட்டுவிட்டு வாருங்கள்" என்கிற ரீதியில்தான் அமெரிக்கப் படையின் ஜெனரல் சார்ல்ஸ் லீ பேசினார். தென் கரோலினாவின் தலைவர் ஜான் ரட்லெட்ஜ் மறுத்துவிட்டார்.

அங்கே கல் கிடையாது. அதனால் பால்மெட்டோ என்ற பனை இனத்து மரங்களை இரண்டு வரிசையாக அடுக்கி, நடுவே சுமார் 16 அடி அகலத்துக்கு மணலைக் கொட்டினார்கள். இந்த மரம் நார் நிறைந்தது, மெத்தென்றிருக்கும். ஜூன் 28 அன்று பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி பீட்டர் பார்க்கரின் கப்பல்கள் பொழிந்த குண்டுகள் பல அதில் புதைந்து போயின, சுவர் சிதறவில்லை.

ஆனால் மரத்துக்கே எல்லாப் புகழையும் கொடுக்க மாட்டேன். கோட்டையின் பலவீனமான பக்கத்தைத் தாக்கப் போன மூன்று கப்பல்கள் மணல்திட்டில் தட்டி நின்றன. ஒன்றை மறுநாள் பிரிட்டிஷாரே கொளுத்திவிட்டுப் போனார்கள். பிரிட்டிஷ் ஜெனரல் ஹென்றி கிளின்டனின் தரைப்படை பக்கத்துத் தீவில் இறங்கி, இடையிலிருந்த நீர்வழியை நடந்தே கடந்துவிடலாம் என்று நம்பியது. இறங்கிப் பார்த்தால் ஆள் மூழ்கும் ஆழம்! எதிர்க்கரையில் அமெரிக்கத் தரப்பின் கர்னல் தாம்சனின் ஆட்கள் வேறு துப்பாக்கியோடு.

மௌல்ட்ரியிடம் வெடிமருந்து குறைவு. நிதானமாகக் குறிபார்த்தே சுட்டார்கள். பிரிட்டிஷ் தரப்பில் இறந்தோரும் காயமுற்றோரும் 200-க்கு மேல்; இந்தப் பக்கம் 40-க்கும் குறைவு. பார்க்கரின் காற்சட்டை கிழிந்த கதை இன்றும் சிரிப்போடு சொல்லப்படுகிறது.

1780-ல் கிளின்டன் திரும்பி வந்தார். இந்த முறை நிலம் வழியாக முற்றுகையிட்டு நகரத்தைப் பிடித்தார்.