கைப்பிடி நிறம் மாறாத பை

கேள்வி: அக்கா, நாங்கள் திருச்சிப் பக்கம். கணவரின் ஐடி வேலைக்காகத் தென்னாப்பிரிக்காவில் மிட்ராண்டுக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. போன வருஷம் ஃபோர்ட்ஸ்பர்க் பக்கம் ஒரு சைனா கடையில் லூயி விட்டான் பை ஒன்றை 850 ரேண்டுக்கு வாங்கினேன். நெவர்ஃபுல் என்ற மாடல். பார்த்தால் அச்சு அசல். ஒரு தோழி "ஒரிஜினலா?" என்று கேட்டபோது யோசிக்காமல் "ஆமா, கல்யாண நாளுக்கு இவர் வாங்கித் தந்தது" என்று சொல்லிவிட்டேன். இந்தப் பொங்கலுக்கு எல்லாக் குடும்பமும் கூடியபோது அவளே பையைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்து, "ஒரு வருஷம் ஆகியும் கைப்பிடி கலர் மாறலியே, இது ஃபாங்காங்தானே" என்று பத்துப் பேர் நடுவில் சிரித்தாள் (போலிச் சரக்குக்கு இங்கே அப்படித்தான் பெயர்). எல்லாரும் சிரித்தார்கள், 13 வயது மகளும் சேர்ந்து சிரித்தாள். கணவர், ஒரிஜினலையே வாங்கிடு, கிரெடிட் கார்டில் போட்டுக்கொள்ளலாம் என்கிறார். 30,000 ரேண்டுக்கு மேல் ஆகும். மாமியாரோ அந்தக் காசுக்கு நகை வாங்கலாமே என்கிறார். டூப்ளிகேட் போடுவது அவ்வளவு பெரிய குற்றமா அக்கா?
– பெயர் வேண்டாம், மிட்ராண்ட்

பதில்:

பெயர் வேண்டாத தங்கச்சிக்கு,

குற்றமா என்ற கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன், உங்கள் கடிதத்திலேயே அதுதான் சுலபமானது. இந்த நாட்டில் 1997-ல் வந்த போலிப் பொருள் சட்டம் பிடிப்பது வியாபாரம் செய்பவரைத்தான். முதல் தடவை மாட்டினால் ஒரு பொருளுக்கு 5,000 ரேண்ட் வரை அபராதம், அல்லது மூன்று வருஷம் வரை சிறை. ஒரு பொருளுக்கு 5,000 என்றால் ஒரு மூட்டைக்கு எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சொந்த உபயோகத்துக்கு ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போகிறவரை அந்தச் சட்டம் தேடி வருவதில்லை. ஆனால் அதே கடையில் பத்துப் பை வாங்கி வாட்ஸ்அப் குரூப்பில் படம் போட்டு விற்க ஆரம்பித்தீர்கள் என்றால் நீங்களும் வியாபாரிதான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அப்படி விற்கிற இரண்டு பேரை எனக்கே தெரியும். இரண்டு பேருமே நல்ல பெண்கள், "சும்மா சைடு பிசினஸ்" என்கிறார்கள்.

சரி, இனி அந்தக் கைப்பிடி. உங்கள் தோழி சொன்னது சரிதான். அந்தப் பையின் உடம்பு தோலே கிடையாது, பூச்சுப் பூசிய கேன்வாஸ் துணி, பலருக்கு இது தெரியாது. கைப்பிடியும் ஓரப்பட்டையும்தான் தோல். மேலே பெரிதாகச் சாயமோ பூச்சோ இல்லாத மாட்டுத்தோல் என்பதால் கை வியர்வையும் வெயிலும் பட்டுப் பட்டு, வெளிர் நிறத்தில் இருந்தது தேன் நிறமாகி, அப்புறம் கருப்பட்டி நிறத்துக்கே வந்துவிடும். ஒரிஜினல் வைத்திருப்பவர்களுக்கு அந்த நிறமாற்றத்தில்தான் பெருமை. 850 ரேண்ட் பையில் அந்த இடத்தில் இருப்பது பெரும்பாலும் ரெக்ஸின், அது நிறம் மாறாது, ஒருநாள் உரிந்து விழும், அவ்வளவுதான். உங்கள் பை இன்னும் உரியவில்லை என்றால் 850-க்கு நல்ல வியாபாரம் என்றுதான் சொல்வேன்.

இன்னொரு வேடிக்கையும் சொல்கிறேன். அந்தப் பூவும் எழுத்தும் பின்னிய டிசைனை 1896-ல் லூயியின் மகன் ஜார்ஜ் கொண்டுவந்ததே, அப்பா காலத்துப் பெட்டிகளை ஆளாளுக்குக் காப்பியடிக்கிறார்கள், இதையாவது யாரும் அடிக்க முடியாதபடி செய்வோம் என்றுதான். கடைசியில் உலகத்திலேயே அதிகம் காப்பியடிக்கப்படுகிற டிசைன்களில் ஒன்றாக அதுவே ஆகிவிட்டது. பெயரிலேயே "விட்டான்" என்று இருக்கிறது, ஆனால் யாரும் விட்டபாடில்லை.

கடைக்காரர் உங்களிடமும் "அதே ஃபேக்டரி மால், பேர் மட்டும் வேற வழியா வருது" என்று சொல்லியிருப்பாரே? எல்லா ஊரிலும் சொல்கிற கதை அது. அந்த கம்பெனியின் பைகள் தைக்கப்படுவது பிரான்ஸ், ஸ்பெயின், இத்தாலி, அமெரிக்கா போன்ற இடங்களில். விற்பதும் தங்கள் சொந்தக் கடையிலும் சொந்த இணையதளத்திலும் மட்டும்தான், தள்ளுபடி விற்பனை என்பதே கிடையாது. பின்வாசல் வழியாக மிச்ச சரக்கு ஃபோர்ட்ஸ்பர்க்குக்கு வந்து சேர வழியில்லை.

உங்கள் கடிதத்தை இரண்டு மூன்று தடவை படித்தேன். பையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள், இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். ஆனால் எனக்கு உறுத்தியது பை இல்லை, "கல்யாண நாளுக்கு இவர் வாங்கித் தந்தது" என்ற அந்த ஒரு வரி. கேட்டதற்கு "ஆமா" என்று மட்டும் சொல்லியிருந்தால்கூட வாய்தவறி வந்தது என்று விட்டுவிடலாம், நீங்கள் அதற்கு ஒரு கதையும், கதைக்குள் ஒரு கணவரையும் சேர்த்திருக்கிறீர்கள்.

நாம் கவரிங் போட்டு வளர்ந்த ஜனம், தங்கச்சி. தங்கம் மாதிரியே இருக்கும், தங்கம் இல்லை என்று எல்லாருக்கும் தெரியும், யாருக்கும் அதில் வெட்கம் இல்லை. போன டிசம்பரில் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் ஒரு கல்யாணத்துக்குச் சிதம்பரத்தில் வாங்கிய ஆரமும் நெற்றிச்சுட்டியுமாகப் போனேன். நாலாம் தலைமுறை டர்பன்காரப் பெண் ஒருத்தி ஆரத்தைத் தொட்டுப் பார்த்து, "ரியல், மா?" என்று கண்ணை விரித்தாள். "கவரிங், நம்மூர்ல 600 ரூபாய்" என்றேன். அடுத்த பத்து நிமிஷம், எப்போது ஊருக்குப் போவீர்கள், எனக்கும் ஒன்று கிடைக்குமா, என் தங்கைக்கும் ஒன்று என்று ஆர்டர் வந்துகொண்டே இருந்தது. இந்த ஊரில் உண்மையான நகையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ராத்திரி கார் நிறுத்துமிடம் வரை நடக்க எத்தனை பேருக்குத் தைரியம் இருக்கிறது? நகையெல்லாம் லாக்கரில், கழுத்தில் கவரிங், அதுதான் இங்கே புத்திசாலித்தனம். (உங்கள் மாமியாரிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள், வருத்தப்படுவார்.)

அப்படியென்றால் டூப்ளிகேட் பையும் கவரிங்தானே அக்கா என்று கேட்பீர்கள். இல்லை. கவரிங் வளையலில் எந்தத் தட்டானின் முத்திரையும் திருடி அடிக்கப்படவில்லை, தங்கத்தின் நிறம் யாருக்கும் சொந்தமில்லை. உங்கள் பையில் இன்னொருவர் பெயர் இருக்கிறது. அதை வேறு மாதிரி யோசித்துப் பாருங்கள், பவர்லூமில் ஓட்டிய பாலியெஸ்டர் புடவையைக் "காஞ்சிபுரம் பட்டு" என்று சொல்லி உங்களிடம் ஒருவர் விற்றால் கோபம் வருமா வராதா? 2005-லேயே அந்தப் பெயருக்குப் புவிசார் குறியீடு வாங்கியாகிவிட்டது, இருந்தும் போலி குறையவில்லை. கரையையும் உடலையும் தனித்தனியாக நெய்து கோர்வை போட இரண்டு பேர் தறியில் உட்கார வேண்டும், அந்த வேலைக்கான கூலியைத்தான் போலிப் புடவை தின்கிறது. நம் நெசவாளி என்றால் வலிக்கிறது, பிரெஞ்சுக்காரன் என்றால் "அவனுக்கென்ன, கோடீஸ்வரன்" என்று தோன்றுகிறது. எனக்கும் அப்படித்தான் தோன்றும், பொய் சொல்ல மாட்டேன்.

அந்தக் கோடீஸ்வரர்களும் ஒன்றும் சுத்தத் தங்கம் இல்லை. 2024-ல் மிலான் நீதிமன்றம் டியோர் என்ற இன்னொரு பிரெஞ்சு நிறுவனத்தின் ஒரு துணைக் கம்பெனியை நீதிமன்ற நிர்வாகத்தின் கீழ் வைத்தது. காரணம், பை தைத்துக் கொடுத்த ஒப்பந்தக்காரர்களின் பட்டறைகளில் தொழிலாளிகளை நடத்திய விதம். ஆட்கள் பட்டறையிலேயே படுத்துத் தூங்கி ராப்பகலாக வேலை செய்திருக்கிறார்கள். கடையில் 2,600 யூரோவுக்கு விற்ற ஒரு பைக்குப் பட்டறைக்குக் கொடுத்தது 53 யூரோ என்று விசாரணை ஆவணங்களில் இருக்கிறது, தோல் காசு தனி. அதனால் 30,000 ரேண்ட் கொடுத்து வாங்கினால் தைத்தவர் கைக்கு நியாயமாகப் போய்ச் சேர்கிறது என்று நினைத்து யாரும் நெஞ்சை நிமிர்த்த வேண்டாம்.

என் பக்கத்து வீட்டு ஆன்ட்டி இருபது வருஷத்துக்கு மேல் டர்பனில் சட்டை ஆலையில் மெஷினில் உட்கார்ந்தவர். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பெண்கள் கூட்டம் கூட்டமாக பஸ் பிடித்து அந்த வேலைக்குப் போன காலம் ஒன்று இருந்தது. 1994-க்குப் பிறகு இறக்குமதி வரி குறைந்தது, வெளிநாட்டு மலிவு சரக்கு வந்து கொட்டியது, போலி சரக்கும் அதோடு சேர்ந்து வந்தது, ஆலைகள் ஒவ்வொன்றாகப் பூட்டின, ஆன்ட்டியின் ஆலையும்தான். அவரிடம் எந்தத் துணியைக் கொடுத்தாலும் முதலில் உள்பக்கத்தைத் திருப்பித்தான் பார்ப்பார். ஒருமுறை நான் வாங்கிய பெரிய பிராண்ட் பெயர் போட்ட போலி ஜாக்கெட்டை அப்படித் திருப்பி, அக்குளில் தையல் தாண்டிக் குதித்திருந்த இடத்தில் விரலை வைத்து, எதுவும் சொல்லாமல் என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். வாயால் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. என் மருமகன் வாங்கி வந்த ஒரிஜினலை அடுத்த வாரம் காட்டினேன், அதையும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு காசுக்கு இந்த ஓவர்லாக்கா" என்றார். அதிலிருந்து நான் துணி வாங்கினால் லேபிளைப் பார்ப்பதற்கு முன் அக்குளைத்தான் பார்க்கிறேன், கடைக்காரர்கள் ஒருமாதிரி பார்க்கிறார்கள், பார்க்கட்டும்.

உங்கள் கணவரின் யோசனை எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. பாவம், பாசத்தில் சொல்கிறார். ஆனால் தோழி சிரித்ததற்காக 30,000 ரேண்ட் கடன், அதற்கு மாதாமாதம் வட்டி! சோவெட்டோ, கட்லெஹாங் பக்கம் 2012 வாக்கில் பையன்கள் ஆயிரக்கணக்கான ரேண்ட் விலையுள்ள இத்தாலியன் ஷூக்களைக் கூட்டத்தின் நடுவே கொளுத்தி, கஸ்டர்டைத் தரையில் ஊற்றி, "எங்களிடம் இவ்வளவு இருக்கிறது பார்" என்று காட்டினார்களே, "இசிகோதானே" என்பது அந்தக் கூட்டத்தின் பெயர், நாமெல்லாம் டிவியில் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டோம். கடன் வாங்கிக் காட்டுகிற பைக்கும் அதற்கும் தூரம் குறைவு. உண்மையிலேயே அந்தப் பை மேல் ஆசை என்றால், தோழிக்காக இல்லாமல் உங்களுக்காகவே ஆசை என்றால், மாதம் ஒரு தொகையை ஒதுக்கிச் சேர்த்து வாங்குங்கள், அல்லது பழைய ஒரிஜினலைச் சோதித்து விற்கும் கடைகள் ஜோஹன்னஸ்பர்கில் இருக்கின்றன, அங்கே பாருங்கள். கைப்பிடி ஏற்கனவே கருப்பட்டி நிறத்தில் இருக்கும், ஒரு வேலை மிச்சம்.

ஆனால் ஒன்று, ரோபோவில் (சிக்னலுக்கு இங்கே அதுதான் பெயர்) சிவப்பு விழுந்து கார் நிற்கும்போது கண்ணாடியை உடைத்துப் பையை இழுத்துக்கொண்டு ஓடுகிறவன் கைப்பிடி நிறம் பார்க்க மாட்டான். ஒரிஜினலோ ஃபாங்காங்கோ, சீட்டில் வைக்காமல் டிக்கியில் போடுங்கள்.

இப்போது உங்கள் மகள். அவள் சிரித்தது உங்களுக்கு அதிகமாக வலித்திருக்கிறது என்று நினைக்கிறேன், அதனால்தான் அதை ஒரே வரியில் எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள். பை வாங்கும்போது அவளும் கூட வந்திருந்தாள் இல்லையா? 1,200 சொன்னதை நீங்கள் 850-க்கு இறக்கியதை எனக்கு எழுதிய கடிதத்தில் பெருமையாக எழுதியிருந்தீர்கள், அவளும் பக்கத்தில் நின்று பார்த்திருப்பாள். பின்னே "இவர் வாங்கித் தந்தது" என்று நீங்கள் சொன்னபோதும் பக்கத்தில்தான் நின்றிருப்பாள். 13 வயதில் பிள்ளைகள் டூப்ளிகேட்டைப் பார்த்துச் சிரிப்பதில்லை, அவர்கள் பள்ளியிலேயே பாதி ஷூ டூப்ளிகேட்தான். அவளிடம் முதலில் பேசுங்கள், தோழியிடம் அப்புறம். பெரிய மன்னிப்பெல்லாம் வேண்டாம், "அன்னிக்கு ஏன்டி அப்படிச் சொன்னேன்னு எனக்கே தெரியலை" என்றால் போதும், அவளுக்குப் புரியும்.

தோழியைப் பொறுத்தவரை, பத்துப் பேர் நடுவில் அப்படிக் கேட்டது அநாகரிகம், அதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. ஆனாலும் ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டுக்கு மறுபடியும் கூடுவீர்கள். போகாமல் இருக்காதீர்கள். யாராவது பையைப் பற்றி ஆரம்பித்தால் "850 ரேண்ட், வேணும்னா கடை சொல்றேன், பேரம் பேசத் தெரிஞ்சா 800-க்கே தருவான்" என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். முதல் தடவை சொல்லும்போது காது சூடாகும். யாருமே கேட்காவிட்டால் நீங்களாகவே அந்தத் தோழியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து சொல்லுங்கள்.

அந்தப் பையை என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். தூக்கிப் போட வேண்டாம், யாருக்கும் தானமாகவும் கொடுக்க வேண்டாம், வாங்குகிறவர் அதே பொய்யைத் தொடர்வார். இனிமேல் அப்படி ஒன்று வாங்காதீர்கள், இருப்பதைத் தேய்த்து முடியுங்கள். சனிக்கிழமை ஃபோர்ட்ஸ்பர்க்குக்குக் காய்கறி வாங்கப் போவீர்கள்தானே, முருங்கைக்காய் வாங்க அதைவிடத் தோதான பை கிடையாது. மேலே ஜிப்பே இல்லை, எவ்வளவு நீளக் காயும் நிற்கும்.