நாஸ்டாக் ஏறினாலும் உங்கள் பணம் ஏறாது

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறேன். அடுத்த வருடம் கவாத்து. அதே வருடம் மகளுக்குக் கல்லூரி. இரண்டுக்குமாக 6 லட்சம் சேர்த்திருக்கிறேன். பெங்களூரில் இருக்கும் தம்பி மகன், "அமெரிக்காவில் நாஸ்டாக்கைப் போல மூன்று மடங்கு ஏறும் ஈ.டி.எஃப். இருக்கிறது, போடுங்கள் பெரியப்பா" என்கிறான். என் பெயரில் 40,000 ரூபாய்க்கு வாங்கியும் விட்டான். மீதியையும் போடலாமா?

பதில்: வேண்டாம். ஈ.டி.எஃப். என்பது பங்குபோலச் சந்தையில் வாங்கி விற்கும் ஃபண்ட். நாஸ்டாக் என்று இங்கே சொல்வது அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் உள்ள 100 பெரிய நிறுவனங்களின் பங்குக் குறியீட்டை. அவன் சொல்வது டி.க்யூ.க்யூ.க்யூ. (TQQQ) என்ற ஃபண்டாக இருக்கும். மூன்று மடங்கு என்பது உண்மைதான். ஆனால் அது ஒரு நாளைக்கு மட்டும். மறுநாள் காலை கணக்கு புதிதாகத் தொடங்கும்.

ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். தொடக்கத்தில் நாஸ்டாக் 100 புள்ளி, உங்கள் ஃபண்ட் 100 ரூபாய் என்று வையுங்கள். முதல் நாள் நாஸ்டாக் 10 சதவீதம் ஏறி 110, ஃபண்ட் 130. மறுநாள் 10 சதவீதம் இறங்கி நாஸ்டாக் 99. ஃபண்ட் 30 சதவீதம் இழந்து 91. மூன்றாம் நாள் நாஸ்டாக் பழையபடி 100-க்கு வந்துவிடுகிறது. உங்கள் ஃபண்ட்? 94-கூட இல்லை. ஒரே நாளில் 10 சதவீதம் என்பது அபூர்வம்தான், கணக்கு புரிவதற்காகச் சொன்னேன். ஆனால் சின்னச் சின்ன ஏற்ற இறக்கங்களும் மாதக்கணக்கில் இதே வேலையைத்தான் செய்யும்.

செய்தும் இருக்கிறது. 2022-இல் நாஸ்டாக் 100 குறியீடு ஏறத்தாழ 33 சதவீதம் விழுந்தது, இந்த ஃபண்ட் 79 சதவீதம். 2023 முடிவில் நாஸ்டாக் 2021 முடிவில் இருந்த இடத்தைத் தாண்டிவிட்டது; ஃபண்ட் அப்போதும் 40 சதவீதத்துக்குப் பக்கமான நஷ்டத்தில் கிடந்தது. "எப்படியும் ஏறும்" என்று அன்று சொன்னவர் கணிப்பு சரி, ஆனால் பணம் போச்சு. இதற்கு வருடக் கட்டணம் வேறு 0.8 சதவீதத்துக்கு மேல். மூன்று மடங்காக்கக் கடன் வாங்குவதுபோன்ற வட்டிச் செலவும் உள்ளே ஓடும்.

உங்கள் விஷயத்தில் எனக்கு முதலில் உறுத்துவது அந்தக் கவாத்துதான். செடியை வெட்டிவிட்டால் மூன்று நான்கு மாதம் கொழுந்து எடை போட வழியில்லை. கூலிக்கும் உரத்துக்கும் வீட்டுக்கும் இந்தப் பணம்தான். அந்த நேரம் பார்த்து ஃபண்ட் பாதியாகி நின்றால் என்ன செய்வீர்கள்? பேசாமல் வங்கியிலோ தபால் ஆபீஸிலோ ஒரு வருட டெபாசிட்டில் போடுங்கள்.

பத்து வருடம் தொடத் தேவையில்லாத பணம் பின்னால் சேர்ந்தால், நாஸ்டாக்கைப் பின்பற்றும் சாதாரண ஈ.டி.எஃப். நம் பங்குச் சந்தையிலேயே இருக்கிறது. சரி, அதிலும் ஒரு கொக்கி: வெளிநாட்டு முதலீட்டு வரம்பு காரணமாக அது சில சமயம் உண்மை மதிப்பைவிட அதிக விலைக்கு விற்கும். வாங்கும் அன்று ஐ.என்.ஏ.வி.யோடு, அதாவது அந்த நேரத்து உண்மை மதிப்பின் மதிப்பீட்டோடு, விலையை ஒப்பிட்டுப் பாருங்கள்.

அப்புறம் அந்த 40,000. உங்கள் பெயரில் இருப்பதால், விற்றாலும் வைத்திருந்தாலும் வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்துப் பகுதியில் அதைக் காட்ட வேண்டும். இதைத் தம்பி மகன் சொல்லியிருக்க மாட்டான்.