வாழை இலையின் வெண்பொடியை நுண்ணோக்கியில் பார்ப்பது எப்படி?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “மகள் படிவம் 4. வாழை இலையின் அடியில் இருக்கும் வெண்பொடியைப் பற்றி அறிவியல் திட்டம் செய்கிறாள். பள்ளி நுண்ணோக்கியில் வெறும் மங்கல்தான் தெரிகிறது. ஸ்பிரிட்டில் கழுவினால் பொடியே காணோம். என்ன செய்வது?”

அந்தப் பொடி மெழுகு. இலைத்தோலின் மேல் குழல், தகடு, இழை என்று நுண்படிகங்களாக நிற்கிறது. எடுத்துக்காட்டாக, தாமரை இலையில் இருப்பவை குழல்கள். ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 0.1 மைக்ரோமீட்டர். 0.2 மைக்ரோமீட்டருக்கும் நெருக்கமான இரண்டு புள்ளிகளைச் சாதாரண ஒளி நுண்ணோக்கியால் பிரித்துக் காட்ட முடியாது. ஒளியின் அலைநீளமே தடை. ஆகவே மகள் மேல் தவறில்லை. ஸ்பிரிட் மட்டும் வேண்டாம். அது மெழுகைக் கரைத்துக் கலைத்துவிடும். கைவிரலும் அப்படியே, தொட்ட இடத்தில் படிகம் நசுங்கிவிடும்.

பள்ளியிலேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு. இலைத்துண்டின் ஓரத்தை மட்டும் பிடித்து, நுண்ணோக்கியின் அடிவிளக்கை அணைத்துவிட்டு, பக்கத்திலிருந்து டார்ச்சைச் சாய்த்து அடிக்கட்டும். குறைந்த பெருக்கமே போதும், வெண்படலம் பளிச்சென்று தெரியும். அப்புறம் பாதி இலையைக் கட்டைவிரலால் துடைத்து, இரு பக்கமும் ஒரு சொட்டு நீர் விடட்டும். துடைக்காத பக்கத்தில் சொட்டு உருண்டு நிற்கும். துடைத்த பக்கத்தில் படர்ந்துவிடும். இரண்டையும் படம் எடுங்கள். என்னைக் கேட்டால், திட்டத்தின் உயிரே இந்தப் படம்தான்.

படிகத்தையே பார்க்க, ஒளிக்குப் பதில் எலக்ட்ரான் கற்றையைப் பயன்படுத்தும் எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும். பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் மூலம் கேட்டுப் பாருங்கள். திசுக்களை ஆல்கஹாலில் நீர் நீக்கி உலர்த்துவதுதான் ஆய்வுக்கூட வழக்கம். “வேண்டாம், காற்றில் உலர்த்தியதே போதும்” என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். செல்கள் சுருங்கினாலும் மெழுகு பெரும்பாலும் அப்படியே நிற்கும். மேலே மெல்லிய தங்கப் பூச்சு பூசுவார்கள். எலக்ட்ரான் கற்றையின் சூட்டில் மெழுகு உருகலாம், அதனால் குறைந்த மின்னழுத்தம் கேளுங்கள்.

இதே கருவியில் ஆயிரக்கணக்கான இலைகளைப் பார்த்த ஜெர்மானியத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட், வழவழப்பான இலைகளைக் கழுவித்தான் பார்க்க வேண்டியிருந்தது, மெழுகு இலைகளோ எப்போதும் சுத்தமாகவே இருந்தன என்பதைக் கவனித்தார். தாமரை இலையில் அழுக்கு ஒட்டாத காரணத்தை, கிறிஸ்டோஃப் நைன்ஹுயிஸுடன் சேர்ந்து 1997இல் விளக்கினார்.

இலையைப் பறிக்கும்போது, புதிதாய் விரிந்ததாக, மழையும் காற்றும் கிழிக்காததாகப் பாருங்கள். தூசி படாத டப்பாவில், அடிப்பக்கம் மேலே இருக்கும்படி வைத்து, மேலே எதுவும் உரசாமல் கொண்டு போங்கள்.