காட்டுப் பறவையின் இரத்தத்தில் ஒட்டுண்ணி தேடுவது எப்படி?

கேள்வி: மழைக்காட்டில் வலையில் பிடித்து வளையமிடும் பறவைகளிடம் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் சிலைடு தயாரிக்கிறேன். பலவற்றில் செவ்வணுக்கள் சிதைந்தே தெரிகின்றன. ஒட்டுண்ணி தென்பட்ட பறவைக்கு மருந்து கொடுத்து விடவேண்டுமா?

பதில்: செவ்வணுக்கள் சிதைந்திருப்பதாகச் சொல்வதால், நான் முதலில் சந்தேகிப்பது காட்டின் ஈரக் காற்றைத்தான். சிலைடில் மெல்லிதாக இழுத்த இரத்தப் பூச்சு மெதுவாகக் காயும்போது அணுக்கள் சுருங்குவதோடு, கொசுவின் வயிற்றுக்குள் போய்விட்டது போலவே ஒட்டுண்ணியின் இனப்பெருக்க நிலைகள் உருண்டு திரண்டு, செவ்வணுவை விட்டு வெளியேறவும் தொடங்கிவிடுகின்றன. பிறகு எவ்வளவு நல்ல நுண்ணோக்கி இருந்தும் பயனில்லை. ஆகவே பூச்சு இழுத்த கையோடு சிலைடைப் பேட்டரி விசிறியின் முன் பிடித்து, 15 நொடிக்குள் உலர்த்துங்கள். அன்றைக்கே தூய மெத்தனாலில் ஒரு நிமிடமாவது முக்கி எடுங்கள். அப்படிச் செய்யாத சிலைடை எறும்பும் ஈயும் தின்றுவிடும். ஃபார்மலின் புட்டி இருக்கும் பெட்டியில் மட்டும் வைக்காதீர்கள். அதன் ஆவி பட்டால் அணுக்களையும் ஒட்டுண்ணியையும் நிறமிட்டுக் காட்டும் ஜீம்சா சாயம் சரியாக ஏறாது.

பறவையின் செவ்வணுவில் உட்கரு உண்டு என்பதால், மனித இரத்தம் பார்த்துப் பழகிய கண் தொடக்கத்தில் தடுமாறும். அந்த உட்கருவை ஒரு பக்கமாக அணைத்து வளைந்து கிடக்கும், பழுப்புத் துகள்கள் தூவிய உடல் பெரும்பாலும் ஹீமோபுரோட்டியஸ் என்ற ஒட்டுண்ணி. துகள்களோடு, செவ்வணுவுக்குள்ளேயே பிளவுபட்டுப் பெருகும் நிலையும் தெரிந்தால் அது பிளாஸ்மோடியம், அதாவது கொசு பரப்பும் பறவை மலேரியா. துகளே இல்லாமல், தான் தங்கிய அணுவை உருக்குலைத்திருப்பது லூகோசைட்டோசூன் என்ற ஒட்டுண்ணி. 1000 மடங்கு பெருக்கத்தில் 100 புலங்களையாவது (நுண்ணோக்கியில் ஒரே பார்வையில் தெரியும் வட்டம் ஒரு புலம்) பார்த்துவிடுங்கள். அப்படியும் ஒன்றும் தென்படாவிட்டால் ‘தொற்று இல்லை’ என்று எழுதிவிடக் கூடாது; நாட்பட்ட தொற்றில் ஒட்டுண்ணிகள் மிக அரிதாகவே இரத்தத்தில் இருக்கும் என்பதால், இன்னொரு துளியை எத்தனாலில் போட்டு ஒட்டுண்ணியின் டி.என்.ஏ.வைப் பெருக்கிக் கண்டறியும் பி.சி.ஆர். சோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள். எடுக்கும் இரத்தம் மொத்தமாக உடல் எடையில் 1 சதவீதத்தைத் தாண்டவே கூடாது. 10 கிராம் பறவைக்கு 0.1 மில்லிலிட்டர்தான் உச்சவரம்பு.

மருந்து வேண்டாம். காட்டில் இயல்பாகப் பறந்து திரியும் பறவைகளில் பல இத்தொற்றைச் சுமந்தபடியே வாழ்கின்றன. ஒரே ஒரு முறை கொடுக்கும் மருந்து தொற்றைத் துடைத்துவிடாது, கையில் பிடித்திருக்கும் நேரம்தான் பறவைக்குப் பெருந்துன்பம். ஆனால் மீட்ட பறவையை வேறு நிலப்பகுதியில், குறிப்பாகத் தீவில், விடப்போகிறீர்கள் என்றால் சோதனை கட்டாயம். கொசுவே இல்லாதிருந்த ஹவாய்த் தீவுகளுக்குள் கொசுவும் பறவை மலேரியா ஒட்டுண்ணியான பிளாஸ்மோடியம் ரெலிக்டமும் புகுந்தபின், அவற்றை எதிர்கொண்டே அறியாத ஹனிகிரீப்பர் என்ற அத்தீவுகளின் சிறு பறவைகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. கொசு ஏறாத உயர்ந்த மலைக்காடுகளில்தான் எஞ்சியவற்றில் பல இன்று ஒண்டியிருக்கின்றன.