அது யாருடைய சிம்பொனி?

அன்புள்ள ஐயா,

சோவியத் இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சின் ஏழாவது சிம்பொனி பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். ஒரு சந்தேகம். ஜெர்மன் படைகள் லெனின்கிராடை (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) முற்றுகையிட்ட சில வாரங்களிலேயே அவர் அந்த ஊரைவிட்டுப் போய்விட்டார். மிச்சத்தைப் பத்திரமான இடத்தில் இருந்துதான் எழுதி முடித்தார். அப்படியிருக்க அதை ‘லெனின்கிராட் சிம்பொனி’ என்பது சரியா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் சொல்லும் தகவல் சரி. 1941 செப்டம்பர் 8இல் முற்றுகை இறுகியது. அக்டோபர் 1இல் அவரை விமானத்தில் வெளியே கொண்டுபோனார்கள். டிசம்பர் கடைசியில் குய்பிஷெவ் நகரில் நான்காம் பகுதியை முடித்தார். ஆனால் முதல் மூன்று பகுதிகளும் லெனின்கிராடில் எழுதியவை. ராணுவத்தில் சேரப் போனவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்புறம் இசைக்கல்லூரியின் தீயணைப்புக் குழுவில் சேர்ந்தார். அவரை ஓடிப்போனவராக என்னால் நினைக்க முடியவில்லை.

ஆனாலும் அந்தப் பெயருக்கு முழு உரிமை தந்தவர்கள் ஊரிலேயே இருந்தவர்கள்தான் என்பேன். அந்தக் குளிர்காலத்தில் பலருக்கு ஒரு நாளைக்கு 125 கிராம் ரொட்டிதான் கிடைத்தது, அதிலும் கலப்படம். 1942 வசந்தத்தில் லெனின்கிராட் வானொலி இசைக்குழுவை நடத்துநர் கார்ல் எலியாஸ்பெர்க் மறுபடி கூட்டியபோது சுமார் 15 பேர்தான் வாசிக்கும் நிலையில் இருந்தார்கள். முதல் ஒத்திகையைக் கால் மணி நேரத்தில் நிறுத்த வேண்டியதாயிற்று. பட்டினி கிடந்த உடம்பில் வயலின் வில்லையாவது எப்படியோ இழுத்துவிடலாம். ட்ரம்பெட் ஊத மூச்சு வேண்டுமே! அவர்கள் வாசிக்க வேண்டியிருந்த இந்தச் சிம்பொனியோ 6 ட்ரம்பெட், 6 ட்ராம்போன், 8 ஹார்ன் கேட்பது. போர்முனையிலிருந்து வாத்தியக்காரர்களை வரவழைத்தார்கள். இசைக்குழுவுக்குக் கூடுதல் உணவு கொடுத்தார்கள். சாகிற ஊரில் அது நியாயமா என்று சிலர் கேட்கிறார்கள். நியாயம்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆகஸ்ட் 9 அன்று ஊரின் பில்ஹார்மோனிக் அரங்கில் இந்தச் சிம்பொனியின் கச்சேரி. இடையில் குண்டு விழக்கூடாது என்பதற்காகச் சோவியத் பீரங்கிகள் முன்கூட்டியே ஜெர்மன் நிலைகளைத் தாக்கின. ஒலிபெருக்கிகள் வழியாக ஊரே கேட்டது. எதிரியின் பக்கமும் கேட்டது.

கடைசிப் பகுதியின் முடிவில் ஊதுவாத்தியங்கள் எல்லாம் சேர்ந்து எழும் இடத்தை இன்னொருமுறை கேட்டுப் பாருங்கள். அன்று அதை ஊதியவர்களில் சிலருக்கு, மார்ச்சில் ஒரு வரி வாசிக்கவும் மூச்சு இருந்ததில்லை.

அன்புடன்.