கம்பி ஏன் பக்கவாட்டில் போகிறது?

ஐயா,
மகள் ஒன்பதாம் வகுப்பு. காந்தத்தின் அருகே மின்சாரம் பாயும் கம்பி எந்தப் பக்கம் தள்ளப்படும் என்று விரல்களால் காட்டும் ஃபிளெமிங்கின் இடது கை விதியை விரல் நீட்டி மனப்பாடம் செய்கிறாள். “ஏன் இடது கை? காந்தம் கம்பியை இழுக்காமல் பக்கவாட்டில் ஏன் தள்ளுது?” என்று கேட்டாள். பரீட்சை முடியட்டும், இப்போது மனப்பாடம் செய் என்றேன். நல்ல புத்தகம் சொல்லுங்கள்.
க., திருமங்கலம்

அன்புள்ள க.,

இடது கையில் ரகசியம் எதுவும் இல்லை. மின்னோட்டத்துக்கும் காந்தப்புலத்துக்கும் நாம் குறித்துக்கொண்ட திசைகளுக்கு அது பொருந்துகிறது, அவ்வளவுதான். புத்தகம் பிறகு பார்க்கலாம். ஆனால் அந்த இரண்டாவது கேள்வியைப் போய் பரீட்சையைக் காட்டி அடைத்தீர்களே! 1820இல் டென்மார்க் விஞ்ஞானி ஓர்ஸ்டெட் திகைத்து நின்ற இடம் அது. கம்பியில் மின்சாரம் பாய்ந்ததும் திசைகாட்டி முள் கம்பியை நோக்கிப் போகாமல் அதற்குக் குறுக்காகத் திரும்பியது. உங்கள் பிள்ளை தானாக அங்கே வந்து நிற்கிறாள்.

சிம்மக்கல் பக்கம் என் பெரியப்பா மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தார். கோடையில் உசிலம்பட்டித் தோட்டங்களிலிருந்து புகைந்த மோட்டார்கள் வந்து குவியும். ஒருநாள் ஓட்டிப் பார்த்த மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றியது. “ரெண்டு லைனை மாத்திக் குடுடா” என்றார். மூன்று பேஸில் இரண்டை மாற்றியதும் சரியாகச் சுற்றியது. ஏன் என்றேன். இதே ‘ஏன்’ கேட்டதற்கு அந்த வாரம்தான் வகுப்பில் பிரம்படி வாங்கியிருந்தேன். பெரியப்பா கைவேலையை நிறுத்தினார். பழைய ஸ்பீக்கர் காந்தத்தைத் தரையில் வைத்து, வார்னிஷ் சுரண்டிய மெல்லிய காயில் கம்பியை அதன்மேல் ஊஞ்சல்போலத் தொங்கவிட்டு, முனைகளை டார்ச் பேட்டரிக் கட்டையில் தொட்டார். கம்பி ஒரு பக்கமாக எகிறியது. கட்டையைத் திருப்பினார், மறுபக்கம் எகிறியது. காந்தத்தையும் புரட்டினார், பழைய பக்கத்துக்கே வந்தது.

மின்சாரம் ஓடும் கம்பியைச் சுற்றி வட்டமாக ஒரு புலம் உண்டு. காந்தத்தின் புலத்தோடு அது கம்பியின் ஒரு விலாவில் சேர்ந்து வலுக்கிறது, மறு விலாவில் எதிர்த்து மெலிகிறது. வலுத்த பக்கத்திலிருந்து மெலிந்த பக்கத்துக்குக் கம்பி தள்ளப்படுகிறது. வலுவும் மெலிவும் விலாக்களில் இருக்கும்போது தள்ளல் வேறெங்கே போகும்? கம்பியைப் புலத்தின் திசையிலேயே நீட்டினால் விசையே கிடையாது. நேராக இழுத்திருந்தால் கம்பி காந்தத்தில் போய் ஒட்டியிருக்கும், அதோடு முடிந்தது. பக்கவாட்டுத் தள்ளல் என்பதால்தான் 1821இல் ஆங்கிலேய விஞ்ஞானி ஃபாரடே பாதரசக் கிண்ணத்தில் ஒரு கம்பியைக் காந்தத்தைச் சுற்றி ஓயாமல் வலம் வரச் செய்ய முடிந்தது. உங்கள் ஊர்க் கிணறுகளில் மோட்டார் சுற்றித் தண்ணீர் மேலேறுவதும் இந்தத் தள்ளலில்தான்.

இன்றே செய்யுங்கள். கட்டையில் ஒரு நொடி தொட்டால் போதும், அதற்கு மேல் தொட்டால் கம்பி சுட்டுவிடும். எந்தப் பக்கம் எகிறும் என்று அவளை முதலில் சொல்லச் சொல்லுங்கள். கட்டையைத் திருப்புவது அவள் கையாகவே இருக்கட்டும்.