பதினாறில் வைத்தும் குளிராத அறை

கேள்வி: மேல்தளத்தில் இருக்கும் எங்கள் படுக்கையறையில் ஒரு டன் ஏசி ஓடுகிறது. காலையில் நன்றாகக் குளிர்கிறது. பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் 16 டிகிரியில் வைத்தாலும் அறை 29-க்குக் கீழே இறங்குவதில்லை. இரவு பத்து மணி வரை இதே நிலைதான். மெக்கானிக் பழுது ஏதுமில்லை என்கிறார். ஈரத்துணி தொங்கவிட்டும் பயனில்லை. பெரிய ஏசி வாங்குவதுதான் வழியா?

பதில்: மெக்கானிக் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஏசி குளிரை உண்டாக்குவதில்லை. அறையிலுள்ள வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுகிறது. ஒரு டன் என்பது ஏறத்தாழ 3,500 வாட் வெப்பத்தை அகற்றும் திறன். அதுவும் பொதுவாக வெளியே 35 டிகிரி இருக்கும் நிலையில் அளக்கப்பட்ட கணக்கு. வெளியே 42, 43 என்று ஏறும்போது கொட்டுவதே கடினமாகி அந்தத் திறன் குறைகிறது. ஏற்கெனவே முழுமூச்சாக ஓடும் கம்ப்ரசருக்கு 24-க்கும் 16-க்கும் வேறுபாடு தெரியாது.

நீங்கள் குறிப்பிட்டுள்ள நேரமே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. பிற்பகல் வெயில் மேற்கு ஜன்னலில் நேராக விழுந்தால், ஒரு சதுர மீட்டர் கண்ணாடி வழியாகவே 500 வாட் அளவுக்கு வெப்பம் உள்ளே வரக்கூடும். உட்புறத் திரைச்சீலை இதற்கு அரைகுறைத் தீர்வுதான். கண்ணாடியைக் கடந்துவிட்ட வெயில் திரையைச் சூடாக்க, அந்தச் சூடு அறைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. தட்டியோ கனத்த துணியோ எதுவானாலும் கண்ணாடிக்கு வெளியே இருக்க வேண்டும்.

இரவு பத்து மணி வரை நீடிப்பது கூரையின் வேலை. மின்விசிறியை நிறுத்திவிட்டு (இதை மறந்துவிடாதீர்கள்) எட்டு மணிக்கு ஒரு நாற்காலியில் ஏறி உள்கூரையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட், சூரியன் மறைந்த பின்பும் அதை உங்கள் தலைமேல் இறக்கிக்கொண்டிருப்பது தெரியும். மொட்டைமாடிக்கு வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு அடிப்பதே, என் கருத்தில், பெரிய ஏசிக்கு முன்னால் செய்ய வேண்டிய செலவு. தூசி படிந்தால் அதன் பயன் குறையுமென்பதால் அவ்வப்போது கழுவிவிட வேண்டும்.

ஈரத்துணியை எடுத்துவிடுங்கள். ஜன்னல் திறந்த, வறண்ட காற்றோட்டமுள்ள இடத்தில் அது உதவும். மூடிய ஏசி அறையிலோ, ஆவியான நீரை ஏசியே மீண்டும் நீராக்கி வெளியேற்ற வேண்டியிருப்பதால், ஆவியாகும்போது விழுங்கிய வெப்பத்தை அந்த நீர் ஏசியின் குளிர்ந்த குழாய்ச் சுருளில் (காயில்) அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. அதற்குப் பதில் மின்விசிறியைச் சேர்த்து ஓடவிட்டால் 26 டிகிரியே இதமாக இருக்கும். அது காற்றைக் குளிர்விப்பதில்லை, உடம்பைத்தான் குளிர்விக்கிறது. ஆளில்லாத அறையில் சுற்றவிடுவது வீண்.

ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வலையின் கண்கள் தெரியவில்லை என்றால் கழுவ வேண்டும். வெளியே இருக்கும் யூனிட்டின் முன் சுவரோ மூட்டையோ காற்றை மறித்தால், தான் கக்கிய சூட்டையே அது மறுபடி இழுத்துக்கொள்ளும். செப்புக் குழாயில் பனி படிந்தால் காற்றோட்டம் குறைந்திருக்கலாம், அல்லது கேஸ் குறைந்திருக்கலாம். கேஸ் பெட்ரோலைப் போலத் தீர்ந்துபோகும் பொருளன்று. குறைந்திருந்தால் கசிவு இருக்கிறது, அதை அடைக்காமல் நிரப்பக் கூடாது.

கேள்வி: இரவில் ஏசியை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறந்து வைக்கலாமா?

பதில்: வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிடக் குளிர்ந்த பிறகு தாராளமாகத் திறக்கலாம். மேசை விசிறியை ஒரு ஜன்னலில் வெளிப்பக்கம் பார்த்தபடி வைத்து, எதிர்ப்புற ஜன்னலைத் திறந்துவிட்டால், சூடான காற்று வெளியேறி அந்த வழியாகக் குளிர்ந்த காற்று வரும். வெயில் ஏறுவதற்கு முன் இரண்டையும் மூடிவிடுங்கள். ஆனால் புழுக்கமான இரவில் உள்ளே நுழையும் ஈரப்பதத்தை மறுநாள் ஏசிதான் பிழிந்தெடுக்க வேண்டும். அன்றைக்கு மூடியே இருக்கட்டும்.